சுமைப் பகிர்வியும் அதன் குறிப்பேடும்

ஆவடியை அடுத்துள்ள கோவில்பதாகை, ஏரி உடைய ஊர். பதாகை என்னும் சொல் கொடியைக் குறிப்பது. ஊர்ப்பெயர் ஆராய்ச்சி இன்னொரு பாடத்திற்கு உரியது. அவ்வூர்க்குக் கிழக்கே புழல் ஏரியும் தெற்கே செம்பரம்பாக்கம் ஏரியும் உள்ளன. இவ்விரண்டோடு பூண்டி, சோழவரம், கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை ஆகிய நீர்த்தேக்கங்களும் சேர்ந்து சென்னை மாநகர்க்குக் குடிநீர் தருகின்றன. இவ்வைந்தின் நிலையையும் காட்டும் பட்டியல் ஒன்றைச் சென்னைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் வெளியிடுகிறது. முழுக் கொள்ளளவு, இன்றைய இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம் எனக் கட்டங்கள் வகுக்கப்பட்டிருக்கும். பூண்டியின் கொள்ளளவு 3,231 மில்லியன் கனஅடி, செம்பரம்பாக்கத்தினது 3,645, தேர்வாய்கண்டிகையினது 500 மட்டுமே. ஒன்று பழைய ஏரி. ஒன்று 2020ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புதிய தேக்கம். ஒன்று ஆற்றின் குறுக்கே அணை கட்டி அமைக்கப்பட்டது. இவை இயல்பால் வேறுபட்டவை ஆயினும், பட்டியலில் ஒரே வகையான கட்டங்களுக்குள் வந்து அமர்கின்றன. நகரில் இருந்தபடியே நீரின் கணக்கை அறிய வேண்டுவோர்க்கு ஏரியே நேரில் வந்து நிற்பதில்லை. ஏரிக்கு மாறாக அப்பட்டியல் நிற்கிறது.

மாணவர்களே! இப்பாடத்தில் நாம் காணப் போவதும் அத்தகைய பட்டியல் ஒன்றே. ஆனால் அது நீர்த்தேக்கத்தைப் பற்றியதன்று. கணினிகளின் சுமையைப் பங்கிடும் ஒரு கருவியைப் பற்றியது. கருவியை முதலில் அறிந்து, பின்னர் அதன் பட்டியலுக்குச் செல்வோம்.

மேல்நிலைத் தேர்வின் முடிவு வெளிவரும் நாளை நினைத்துப் பாருங்கள். 2024ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் அத்தேர்வை எழுதியோர் ஏறத்தாழ 7 லட்சத்து 60 ஆயிரம் மாணவர்கள். முடிவு இன்ன நேரத்தில் வெளியாகும் என்று முன்னரே அறிவிக்கப்படுகிறது. அந்நேரம் வந்ததும் மாணவனும், அவன் தந்தையும், வெளியூரில் உள்ள அத்தையும், பள்ளித் தலைமையாசிரியரும் ஒரே வேளையில் அவ்விணையத்தளத்தின் கதவைத் தட்டுகின்றனர். நாள் முழுதும் பரவி வரவேண்டிய வேண்டுகோள்கள் சில நிமிடங்களுக்குள் குவிகின்றன. விடை தரும் கணினிக்கு வழங்கி என்று பெயர். ஒரே ஒரு வழங்கி இருப்பின், அது திணறி வாளா நின்றுவிடும். ஆகவே அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் முடிவுகளைக் காண ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகள் பல ஆண்டுகளாக அறிவிக்கப்பட்டு வந்தன. அவற்றுள் இரண்டின் பெயரே டி.ஜி.இ. 1, டி.ஜி.இ. 2 என்பது. ஒன்றில் நெரிசல் மிகுந்தால் மற்றொன்றை நாடலாம் என்பது கருத்து.

இது நல்ல வழியே. எனினும் குறை உடையது. எந்த முகவரியில் கூட்டம் குறைவு என்பதைக் கோவில்பதாகையில் கைப்பேசியை ஏந்தி நிற்கும் மாணவன் எங்ஙனம் அறிவான்? பட்டியலில் முதலாவதாக உள்ளதையே பெரும்பாலோர் தொடுவர். அதனாற்றான், முகவரி ஒன்றே இருக்கவும், அதன் பின்னால் வழங்கிகள் பல இருக்கவும், இடையில் நின்று வேண்டுகோள்களைப் பிரித்து அனுப்பவும் ஒரு கருவி அமைக்கப்பட்டது. அதனை லோட் பேலன்சர் என்று வழங்குவர். நாம் இங்குச் சுமைப் பகிர்வி என்போம். சுருக்கமாகப் பகிர்வி என்றாலும் பொருந்தும்.

ஏரி நீரை வயல்களுக்குப் பிரித்து விடும் நீர்க்கட்டியின் தொழிலை ஒத்தது பகிர்வியின் தொழில். முறைப்பாசனத்தில் முதல் வயல், இரண்டாம் வயல், மூன்றாம் வயல் என வரிசையாக நீர் விட்டு, மீண்டும் முதல் வயலுக்கு வருவது போல, வேண்டுகோள்களையும் முறைவைத்து அனுப்புவது ஒரு வழி. வழங்கிகள் எல்லாம் ஒரே ஆற்றல் உடையனவாயின் இது போதும். ஒன்று வலியது, ஒன்று மெலியது ஆயின், வலியதற்கு மூன்று, மெலியதற்கு ஒன்று என நிறை குறித்து அனுப்புவது இரண்டாம் வழி. அந்தக் கணத்தில் எந்த வழங்கியின் கையில் வேலை குறைவோ அதற்கே அடுத்ததைத் தருவது மூன்றாம் வழி. தேர்வு முடிவு போன்ற நெரிசலில், சில விடைகள் விரைந்தும் சில விடைகள் தாழ்த்தும் முடிவனவாதலின், மூன்றாம் வழியே பெரிதும் தக்கது என்பது என் கருத்து.

பங்கிடுவதோடு பகிர்வியின் கடமை முடிவதில்லை. ஒரு வழங்கி பழுதுற்றால் அதனை அறிந்து ஒதுக்கவும் வேண்டும். அதற்காகக் குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு வழங்கியையும் அது நலமா என வினவிக்கொண்டே இருக்கிறது. அமேசான் நிறுவனத்தின் ஒருவகைப் பகிர்வியில், நாம் வேறு அளவு குறிக்காவிடின், 30 வினாடிக்கு ஒருமுறை இவ்வினா எழும். தொடர்ந்து இருமுறை நல்ல விடை வாராவிடின் அவ்வழங்கிக்கு வேண்டுகோள் அனுப்புவது நிறுத்தப்படும். அது மீண்டும் சேர்க்கப்பட வேண்டுமாயின் தொடர்ந்து ஐந்து முறை நல்ல விடை தரவேண்டும். விலக்குவதில் விரைவும் சேர்ப்பதில் நிதானமும் வைத்திருப்பதைக் கவனியுங்கள். ஆயினும் பழுது நேர்ந்த கணத்திற்கும் இரண்டாம் வினாவுக்கும் இடைப்பட்ட காலத்தில் அவ்வழங்கியிடம் அனுப்பப்பட்ட மாணவர்கள் விடையின்றி நிற்பர் என்பதும் உண்மை.

முற்காலத்தில் பகிர்வி என்பது கைக்கு எட்டும் ஒரு பெட்டி; விலை கொடுத்து வாங்கி, கம்பி பூட்டி, அலமாரியில் வைக்கப்படுவது. இன்றோ மேகக் கணிமை வந்துவிட்டது. மேகம் என்ற பெயரைக் கண்டு அது வானில் உள்ளது என மயங்க வேண்டா. அது தரையில், பெருங்கட்டடங்களில், குளிரூட்டப்பட்ட கூடங்களில் உள்ள கணினிகளின் கூட்டமே. கோவில்பதாகைக்கு அணித்தாயுள்ள அம்பத்தூரிலேயே அத்தகைய தரவு மையங்கள் எழுந்துள்ளன. ஜப்பானிய நிறுவனமாகிய என்.டி.டி. 2023இல் அங்கு ஒன்றைத் திறந்தது. மேகக் கணிமையில் பகிர்வியைப் பெட்டியாக யாரும் வாங்குவதில்லை. அமேசான் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் இச்சேவையைத் தொடங்கியது. ரேக்ஸ்பேஸ், கூகுள் முதலிய நிறுவனங்களும் இதனை அளித்தன. நிரல் எழுதுவோன் தன் நிரலின் வாயிலாகவே ஒரு பகிர்வி வேண்டும் என ஆணையிடுகிறான், அது தோன்றுகிறது. நீக்கு என்கிறான், மறைகிறது. தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லாதபோது, அதனைப் பற்றி அவன் கையில் உள்ளது எழுத்தாலான ஒரு குறிப்பு மட்டுமே. ஆகவே அக்குறிப்பு எங்ஙனம் அமைந்திருக்கிறது என்பது பெரிதாகிறது.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு எழுந்தது. ஒவ்வொரு நிறுவனமும் ஒரே பொருளுக்கு வெவ்வேறு பெயர் இட்டது. பகிர்வியின் பின்னால் நிற்கும் வழங்கியை அமேசான் முதலில் இன்ஸ்டன்ஸ் என்றது. பின்னர் வேறொரு வகையில் டார்கெட் என்றது. ரேக்ஸ்பேஸ் நோடு என்றது. கூகுள் பேக்கெண்டு என்றது. ஒரு நிறுவனத்திற்காக எழுதிய நிரல் மற்றொரு நிறுவனத்திடம் செல்லாக் காசாயிற்று. இதனைத் தீர்க்க எழுந்த முயற்சிகளுள் ஒன்று லிப்கிளவுட் என்னும் நிரல் நூலகம். நிரல் நூலகம் என்பது பிறர் எடுத்துப் பயன்படுத்துமாறு முன்னரே எழுதி வைக்கப்பட்ட நிரல்களின் தொகுதி. பைத்தான் மொழியில் அமைந்த இது, 2009இல் கிளவுட்கிக் என்னும் நிறுவனத்தில் பிறந்து, அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் அரவணைப்புக்கு வந்தது. 2011இல் அவ்வறக்கட்டளையின் தனித் திட்டமாயிற்று. அதே ஆண்டில் சுமைப் பகிர்விகளுக்கான பகுதியும் இதில் சேர்க்கப்பட்டது.

பைத்தான் மொழி உங்களுக்குப் புதியதன்று. மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் பயில்வோர் அதனைக் கற்கின்றனர். அங்கு இனக்குழு, பொருள் என்னும் கலைச்சொற்களைக் காண்பீர்கள். ஓர் இனத்தைச் சார்ந்த எல்லாவற்றிற்கும் பொதுவான வடிவம் இனக்குழு. அவ்வடிவில் வார்த்தெடுத்த ஒன்று பொருள். லிப்கிளவுட்டில் பகிர்வி என ஓர் இனக்குழு உண்டு. அதன் கட்டங்கள் ஏழு. அடையாள எண், பெயர், நிலை, ஐ.பி. முகவரி, போர்ட் எனப்படும் வாயில் எண் ஆகிய ஐந்தும் வெளிப்படை. எஞ்சிய இரண்டில் ஒன்று இயக்கி, மற்றொன்று மிகுதி. இவ்விரண்டுமே நூலகம் அமைத்தோரின் அறிவைக் காட்டுவன. ஆதலின் அவற்றைச் சற்று விரித்து உரைப்பேன்.

இயக்கி என்பது துபாஷி போன்றது. பழைய சென்னப்பட்டணத்தில் கும்பினியாரின் வணிகத்திற்குத் துபாஷிகள் இன்றியமையாதோராய் இருந்தனர். புதுச்சேரியில் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, தம் நாட்குறிப்பால் இன்றும் அறியப்படுகிறார். இருமொழி அறிந்து இடைநின்றோர் இவர்கள். நிரல் எழுதுவோன் உறுப்பினரைச் சேர் என்று பொதுமொழியில் கூறுவான். அமேசானின் இயக்கி அதனை அமேசானின் மொழியிலும், ரேக்ஸ்பேசின் இயக்கி அதனை ரேக்ஸ்பேசின் மொழியிலும் பெயர்த்துச் சொல்லும். பின்னால் உள்ள வழங்கிக்கு நூலகம் இட்ட பொதுப்பெயர் உறுப்பினர் என்பதே. ஒவ்வொரு பகிர்விக் குறிப்பிலும் இயக்கியின் பெயரும் உடன் இருப்பதால், இக்குறிப்பு யாரிடமிருந்து வந்தது, யாரிடம் திரும்பக் கேட்பது என்ற ஐயம் எழுவதில்லை.

மிகுதி என்னும் கட்டத்தைக் கண்டபோது தமிழ் இலக்கணம் பயின்ற எனக்கு வியப்பும் மகிழ்ச்சியும் உண்டாயின. தொல்காப்பியர் விதிகளைக் கூறி முடிக்கும் இடங்களில் புறனடை வைப்பது வழக்கம். கூறிய பொதுவிதியில் அடங்காமல் எஞ்சியவற்றையும் தழுவிக்கொள்ள இடம் விடுவதே புறனடை. அஃது இல்லையாயின், வழக்கில் உள்ள ஒரு சொல்லை இலக்கணத்தில் இல்லை என்று தள்ள வேண்டி வரும். அல்லது ஒரு சொல்லுக்காக இலக்கணத்தையே திருத்த வேண்டி வரும். பகிர்வியின் குறிப்பிலும் இவ்விரு தொல்லையும் உண்டு. ஒரு நிறுவனத்தின் பகிர்வியில் மட்டும் ஒரு சிறப்புத் தன்மை இருக்கலாம். அதற்கெனத் தனிக் கட்டம் வகுத்தால், மற்ற நிறுவனங்களின் குறிப்புகளில் அக்கட்டம் வெறிதே கிடக்கும். விட்டுவிட்டால் அத்தன்மையைப் பயன்படுத்த இயலாது. மிகுதி என்னும் கட்டம் அத்தகைய சிறப்புகளையெல்லாம் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அதில் எது வரும், எப்பெயரில் வரும் என்பதற்குப் பொது உறுதி இல்லை. மிகுதியை நம்பி எழுதிய நிரல், நிறுவனம் மாறியவுடன் நின்றுபோகும். புறனடையையே இலக்கணமாகக் கொண்டு எழுதப் புகுந்தவனின் நிலை அது.

இனி, நிலை என்னும் கட்டம். பார்ப்பதற்கு ஒரு சொல்தான். தீங்கு பெரிதும் விளைவது இங்கேதான். ஒவ்வொரு நிறுவனமும் தன் பகிர்வியின் நிலையைத் தனக்கே உரிய சொற்களால் குறிக்கும். நூலகம் அவற்றையெல்லாம் சில பொதுச்சொற்களாகச் சுருக்குகிறது: இயங்குகிறது, நிலுவையில் உள்ளது, பிழை, நீக்கப்பட்டது, அறியப்படவில்லை. இறுதிச் சொல்லை நோக்குங்கள். ரேக்ஸ்பேசின் பகிர்விக்கான இயக்கியில், நிறுவனம் தரும் ஒவ்வொரு நிலைச்சொல்லுக்கும் நேரான பொதுச்சொல் அட்டவணையாக எழுதப்பட்டிருந்தது. அட்டவணையில் இல்லாத சொல் ஒன்று வந்தால், அறியப்படவில்லை என்றே குறிக்குமாறு அவ்வியக்கி அமைந்தது. எழுதியோர் சற்றே சோம்பியிருப்பின், பெரும்பாலும் இயங்கிக்கொண்டுதானே இருக்கும் என எண்ணி, இயங்குகிறது என்றே எழுதியிருக்கலாம். அவ்வாறு எழுதியிருப்பின் விளைவு யாது? தேர்வு முடிவுக்கு முந்தைய இரவில் பகிர்விகளைச் சரிபார்க்கும் நிரல், எல்லாம் நலம் என்று கூறும். காவலிருக்கும் அலுவலர் உறங்கச் செல்வார். காலையில் லட்சக்கணக்கானோர் வந்து தட்டும்போதுதான் உண்மை தெரியும். அறியப்படவில்லை என்ற சொல் கண்டிருந்தால், அவர் எழுந்து சென்று நேரில் பார்த்திருப்பார்.

அமேசானின் முதல்வகைப் பகிர்விக்கு எழுதப்பட்ட இயக்கியோ, நிலைக் கட்டத்தில் எப்போதுமே அறியப்படவில்லை என்று எழுதியது. கட்டத்தை நிரப்புவதற்காகப் பொய் கூறாமை நன்றே. ஆனால் அதே இயக்கி மற்றொரு கட்டத்தில் வேறு வழி சென்றது. ஐ.பி. முகவரி என்னும் கட்டத்தில் எண்ணாலான முகவரி இருக்க வேண்டும். அமேசானின் அவ்வகைப் பகிர்விக்கோ நிலையான எண் கிடையாது. கூட்டம் பெருகும்போது அப்பகிர்வியே பெருகும்; குறையும்போது சுருங்கும்; அதற்கேற்ப எண்களும் மாறும். மாறாமல் இருப்பது அதன் இணையப் பெயர் மட்டுமே. ஆகவே இயக்கி, எண்ணுக்கு உரிய கட்டத்தில் பெயரை எழுதி வைத்தது.

இஃது ஒருவகை ஆகுபெயர். ஊர் திரண்டது என்றால் ஊர் மக்கள் திரண்டனர் என்று நாம் கொள்கிறோம். கேட்பவர்க்கு அது விளங்கும், இன்பமும் தரும். கணினியோ ஆகுபெயரை அறியாது. அக்கட்டத்தில் எண் இருக்கும் என்று நம்பி எழுதிய நிரல், எழுத்துகளைக் கண்டு தடுமாறும். அதைவிடக் கொடியது மற்றொன்று. பெயருக்குரிய எண் இன்று யாதென ஒருமுறை கேட்டறிந்து, அவ்வெண்ணையே தன் ஏட்டில் எழுதி வைத்துக்கொள்ளும் நிரல், சில நாள் நன்றாகவே இயங்கும். பின்னர் பகிர்வியின் எண் மாறும். நிரல் பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த எண் அதற்குள் வேறொருவர்க்குக் கொடுக்கப்பட்டிருக்கலாம். நம் மாணவனின் பதிவெண் யாரோ ஒருவர் வாயிலில் சென்று நிற்கும். கட்டத்திற்கு முகவரி என்று மட்டும் பெயரிட்டு, அது எண்ணா பெயரா என்பதை உடன் குறித்திருந்தால் இம்மயக்கம் தோன்றாது. பெயரிடுவதில் நேரும் சிறு நெகிழ்ச்சி எத்துணைத் தொலைவு செல்கிறது பாருங்கள்!

குறிப்பின் கட்டங்களைப் பார்த்தோம். கட்டங்கள் யாவும் பெயர்ச்சொல் போல்வன. இவற்றோடு வினைகளும் சில உண்டு: உறுப்பினர்களைப் பட்டியலிடு, உறுப்பினரைச் சேர், உறுப்பினரை விலக்கு, பகிர்வியை அழி என்பன. இவ்விரண்டிற்கும் ஒரு பெரு வேற்றுமை உண்டு. நிரல் எழுதப் புகுவோர் பெரிதும் மயங்குவது இங்கேதான். உறுப்பினர்களைப் பட்டியலிடு என்றால், நூலகம் அப்பொழுதே நிறுவனத்தை வினவி விடை பெற்றுத் தருகிறது. நிலை யாது என்று கட்டத்தைப் பார்த்தால், யாரையும் வினவுவதில்லை. முன்னர் ஒருமுறை பெற்று எழுதி வைத்ததையே காட்டுகிறது. ஒரே குறிப்பில் ஒன்று இக்கணத்துச் செய்தி. மற்றொன்று பழைய செய்தி. எழுதும்போது இரண்டும் ஒருபோலவே தோன்றும்.

பகிர்வி ஒன்றைப் படைக்குமாறு ஆணையிட்டவுடன், நிலுவையில் உள்ளது என்ற குறிப்பு கைக்கு வரலாம். பகிர்வி சிறிது நேரத்தில் இயங்கத் தொடங்கிவிடும். குறிப்போ நிலுவையில் உள்ளது என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அதையே மீண்டும் மீண்டும் பார்த்துக் காத்திருக்கும் நிரல் காலமெல்லாம் காத்திருக்க நேரும். அடையாள எண்ணைக் கொடுத்துப் புதுக் குறிப்பைக் கேட்டுப் பெறுவதே முறை.

நீர்த்தேக்கங்களின் பட்டியலும் இத்தகையதே. அது ஒரு குறித்த வேளையின் கணக்கு. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் பெய்த பெருமழையில் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்வரத்து மிக விரைந்து பெருகியது. அதிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி வரை நீர் வெளியேற்றப்பட்டது. அடையாற்றின் கரைகள் வெள்ளத்தில் மூழ்கின. அத்தகைய நாளில் காலைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மாலை நிலையைக் கூற முற்படுவோர் யாவர்? அமைதியான நாளில் பழைய கணக்கும் புதிய கணக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். அதனாற்றான் பழையதை நம்பும் பழக்கம் நம்மிடம் படிகிறது. பகிர்வியின் நிலையும் நாள்தோறும் மாறுவதில்லை. அது மாறுவது நெரிசல் மிக்க நாளில். குறிப்பு மிகவும் வேண்டப்படுவதும் அந்நாளில்தான்.

அழி என்னும் வினையைப் பற்றி ஒன்று கூற வேண்டும். முடிவுகள் வெளியாகி ஓரிரு வாரம் கழிந்தபின் கூட்டம் குறைந்துவிடும். பகிர்வி இருக்கும் மணிக்கணக்குக்கெல்லாம் நிறுவனத்திற்குக் கட்டணம் செலுத்த வேண்டுமாதலின், வேண்டாத பகிர்வியை அழித்துவிடுவர். ஆணை சென்று சேர்ந்ததும் பகிர்வி மறைகிறது. நிரலின் நினைவிலுள்ள குறிப்பு அதனுடன் மறைவதில்லை. அதே பெயர், அதே வாயில் எண், அதே முகவரியோடு அது இருந்துகொண்டே இருக்கும். நிலைக் கட்டத்தைப் பார்த்தால், கடைசியாகக் கேட்டபோது இயங்கியது ஆதலால், இன்னும் இயங்குகிறது என்றே கூறும். அக்குறிப்பைக் கொண்டு உறுப்பினரைச் சேர் என்று ஆணையிட்டால் மட்டும், அப்படி ஒரு பகிர்வி இல்லை என்ற மறுமொழி நிறுவனத்திடமிருந்து வரும்.